கதவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

"டோர் மாட்யூல் போயிடுச்சு சார்" என்றார் மெக்கானிக்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப் அது. என் காரில் டிரைவர் பக்கப் பட்டனை அழுத்தினால் இடது பக்கக் கண்ணாடி ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் இறங்காது. வண்டி சும்மா நிற்கும்போதே கதவுகள் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். ஏதோ ஒயர் லூசாகியிருக்கும், அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் போனேன். அவர் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை மெதுவாக உரித்தார். உள்ளே கையை விட்டு, உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒயர் சொருகும் இடத்தில் செம்புக் கம்பிகள் பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தன.

"கதவுக்கு எதுக்குப்பா கம்ப்யூட்டர்?" என்று கேட்டேன்.

"இப்ப வர்ற வண்டியில எல்லாத்துக்கும் ஒண்ணு இருக்கு சார். கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தார்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ரிடையர் ஆனவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். கதவைப் பற்றி நான் இவ்வளவு அக்கறைப்பட இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பழைய கதை.

கம்பியும் குமிழும் இருந்த காலம்

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காலத்துக் கார்களைப் பட்டியல் போட ஒரு கை விரல்கள் போதும். அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடர் 1957 முதல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவிலிருந்து வந்தது. பியட் பம்பாய் குர்லாவிலிருந்து. ஹெரால்டு மட்டும் நம்மூர்ப் பிள்ளை. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் அதை நம் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ரயிலில் தாம்பரம் தாண்டிப் போகும்போது எனக்கு இன்னும் அந்தப் பக்கம் கண் போகும்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு வக்கீல் மாமா ஒரு ஹெரால்டு வைத்திருந்தார். முதலில் வந்த ரகம், இரண்டே கதவு. பின்சீட்டில் உட்கார வேண்டுமானால் முன்சீட்டை மடக்கிக்கொண்டு குனிந்து நுழைய வேண்டும். மாமியை ஏற்றுவதற்குள் மாமாவுக்கு மூச்சு வாங்கும். நாலு கதவு வைத்த ஹெரால்டு பின்னால்தான் வந்தது.

1950களில் வந்த பியட் 1100-ஐ நினைவிருக்கிறவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். அதன் முன்கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். கீல் நடுத்தூணில் இருக்கும், கைப்பிடி முன்பக்கம் இருக்கும். புடவை கட்டியவர்கள் ஏறி இறங்க வசதிதான். ஆனால் ஓடும்போது கொண்டி சரியாக விழாமல் இருந்தால், எதிர்க்காற்றே கதவைப் பிடித்து விரியத் திறந்துவிடும். அதனாலேயே இங்கிலீஷ்காரர்கள் அதற்குத் 'தற்கொலைக் கதவு' என்று பெயர் வைத்தார்கள். பிறகு வந்த பியட்களில் கீல் முன்பக்கம் மாறியது. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்பது அன்றைக்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்தக் கதவுகளின் உள்ளே இருந்தது எல்லாம் இரும்புதான். கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி நகரும். கம்பி கொண்டியைத் தள்ளும். கொண்டி, தூணில் இருக்கும் கொக்கியை விடும். கண்ணாடிக்கு ஒரு சுற்றுக் கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் கரங்கள் கண்ணாடியைத் தூக்கும், இறக்கும். கொஞ்ச வருஷம் ஆனதும் கண்ணாடி கடகடவென்று ஆடும். சிகரெட் பெட்டி அட்டையை மடித்துச் சொருகிவைப்போம். எங்கேயாவது போய் நிறுத்தினால், ஒவ்வொரு கதவாகச் சுற்றிவந்து பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். கபாலி கோயில் அறுபத்துமூவர் அன்று வண்டியை எங்கோ நிறுத்திவிட்டுப் பாதி தூரம் நடந்த பிறகு, "பின்கதவைப் பூட்டினேளா?" என்று வீட்டம்மா கேட்காத குடும்பம் உண்டா?

தொந்தரவுகள் நிறைய. ஆனால் ஒரு நல்ல விஷயம். பாட்டரி செத்தாலும் கதவு திறக்கும்.

ஒரு சாவி, நாலு கதவு

ஒரே இடத்திலிருந்து எல்லாக் கதவையும் பூட்டும் யோசனை புதியதல்ல. அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் பூத் என்ற கார் கம்பெனி 1914-லேயே அதைச் செய்துகாட்டியது. பிறகு அது மறைந்துபோய், 1956-ல் பாக்கார்டு கார்களில் மின்சாரப் பூட்டாகத் திரும்பி வந்தது. அதே பாக்கார்டுதான் 1940-லேயே பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் கண்ணாடியையும் கொண்டுவந்தது. 1982-ல் பிரான்ஸின் ரெனோ ஃபுயேகோ காரில் தூரத்திலிருந்தே பூட்டித் திறக்கும் ரிமோட் வந்தது. நம் டிவி ரிமோட் மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வேலை செய்தது அது.

அதற்கு அடுத்த வருஷம், 1983 டிசம்பரில், இங்கே முதல் மாருதி 800 வெளியே வந்தது. அதிலும் சுற்றுக் கைப்பிடிதான். பட்டனில் இறங்கும் கண்ணாடி நம் தெருக்களில் சாதாரணமாகக் கண்ணில் பட்டது 1990களில்தான். மாருதி எஸ்டீமின் விலை கூடிய ரகம், டேவூ சியலோ போன்ற வண்டிகள். கல்யாண வீட்டு வாசலில் ஒரு சியலோ வந்து நின்று, கண்ணாடி தானாக இறங்கினால், பையன்கள் கூட்டம் கூடிவிடும்.

அந்தப் பத்தாண்டின் முடிவில் சென்னையைச் சுற்றியே கார்கள் பிறக்க ஆரம்பித்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ, திருவள்ளூரிலிருந்து லான்சர். 1999-ல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். மின் மோட்டார் வேலை சென்னைக்குப் புதிதும் அல்ல. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-லேயே தொடங்கிவிட்டது. ஸ்டார்ட்டரும் வைப்பர் மோட்டாரும் செய்து பழகிய ஊர் இது.

விலை குறைந்த ரகம் வாங்கியவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருந்தது. ஜி.பி. ரோட்டில் கடைக்குக் கடை சென்ட்ரல் லாக் 'கிட்' தொங்கும். நாலு குட்டி மோட்டார். அதில் டிரைவர் கதவுக்குரியது 'மாஸ்டர்', ஐந்து ஒயர். மற்ற மூன்றும் 'ஸ்லேவ்', தலா இரண்டு ஒயர். டிரைவர் சாவி போட்டுத் திருப்பினால் மாஸ்டர் நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குச் சொல்லும். அந்தப் பெட்டி மற்ற மூன்று மோட்டாரையும் ஒரு நொடி ஓடவிடும். மோட்டார், பழைய அதே இரும்புக் கம்பியை இழுக்கும் அல்லது தள்ளும். என்னுடைய பழைய வண்டியில் நானும் ஒன்று மாட்டினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. பழைய கம்பிக்கு ஒரு மோட்டார் துணை வந்திருக்கிறது, அவ்வளவுதான் அன்றைய மாற்றம்.

ஒயர் மூட்டையும் தண்டோராவும்

அதற்குப் பிறகு கதவின் மேல் ஆசைகள் ஏறிக்கொண்டே போயின. கண்ணாடிக்கு மோட்டார், பூட்டுக்கு மோட்டார், பக்கக் கண்ணாடியை மேலே கீழே திருப்ப இரண்டு மோட்டார், மடக்க இன்னொன்று, கதவு திறந்திருந்தால் எரிய ஒரு விளக்கு, ஸ்பீக்கர், டிரைவரிடம் நாலு கண்ணாடிக்கும் பட்டன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் என்றால் எவ்வளவு ஒயர்? அத்தனையும் கதவுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் ஒரு ரப்பர் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் கார் கதவைத் திறந்து கீல் பக்கம் பாருங்கள், தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் இருக்கும் ஒயர்கள் மடங்கி நிமிர்கின்றன. வருஷக்கணக்கில் இப்படி மடங்கினால் செம்புக் கம்பி ஒடியாமல் என்ன செய்யும்? 'ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது' என்ற ரகக் கோளாறில் பாதி இந்தத் தும்பிக்கைக்குள்தான்.

இந்த ஒயர் மூட்டைக்கு ஜெர்மனியின் பாஷ் கம்பெனி ஒரு வழி கண்டது. 1983-ல் ஆரம்பித்த வேலை, 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நடந்த பொறியாளர்கள் மாநாட்டில் வெளியானது. அதன் பெயர் 'கேன்'. அடுத்த வருஷமே இன்டெல்லும் பிலிப்ஸும் அதற்கான சில்லுகளைச் செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸின் பெரிய கார்களில் அது ஏறியது. 1993-ல் உலகத் தரமாகவும் ஆகிவிட்டது.

கேன் என்றால் என்ன? நம் கிராமத்துத் தண்டோராவை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டோரா போடுபவர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்வதில்லை. தெருவில் நின்று ஒரு தடவை உரக்கச் சொல்வார். எல்லோருக்கும் கேட்கும். யாருக்கு அந்தச் சேதி வேண்டுமோ அவர் எடுத்துக்கொள்வார், மற்றவர் தன் வேலையைப் பார்ப்பார். காரில் அந்தத் தெரு, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய ஒயர்கள். அதில் எஞ்சின் பெட்டி, பிரேக் பெட்டி, கதவுப் பெட்டி எல்லாம் தொங்குகின்றன. "வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது" என்று ஒரு பெட்டி சொன்னால், மீட்டர் முள்ளை நகர்த்துகிறது, கதவுப் பெட்டி பூட்டிக்கொள்கிறது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேச வாயெடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சேதிக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறியதாக இருக்கும் சேதிதான் முதலில் போகும், மற்றது காத்திருக்கும். ஆம்புலன்ஸுக்கு நாம் வழி விடுகிற மாதிரி.

ஒரு கதவுக்குள்ளேயே நடக்கும் சில்லறைப் பேச்சுக்கு அவ்வளவு பெரிய தெரு தேவையில்லை. அதற்கென்று 1990களின் கடைசியில் ஐரோப்பியக் கார் கம்பெனிகள் சேர்ந்து 'லின்' என்ற இன்னொரு முறையை உண்டாக்கின. ஒரே ஒயர். வகுப்பில் வாத்தியார் ஆஜர் எடுப்பது போல, தலைவர் பெட்டி ஒவ்வொருவராகக் கூப்பிடும், கூப்பிட்டவர் மட்டும் பதில் சொல்வார். மலிவு, ஆனால் வேகம் குறைவு. கண்ணாடி ஏறி இறங்க அது போதும்.

பட்டனை அழுத்தினால் நடப்பது

இப்போது அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வருவோம். பழைய முறையில் பட்டன் வழியாகவே மோட்டாரின் முழு மின்சாரமும் ஓடியது. இன்றைக்குப் பட்டன் வெறும் மனுக் கொடுப்பவர். "கண்ணாடி இறங்க வேண்டும்" என்று பெட்டியிடம் கேட்கிறது, அவ்வளவுதான். அதை ஏற்பதா மறுப்பதா என்று பெட்டி முடிவு செய்கிறது. குழந்தைகள் விளையாடாமல் இருக்கப் பின்கண்ணாடிகளை டிரைவர் தடுத்து வைத்திருக்கிறாரா? சாவி போட்டிருக்கிறதா? எல்லாம் பார்த்துவிட்டு மோட்டாரை ஓட்டுகிறது. இறங்க ஒரு திசையில் மின்சாரம், ஏறத் தலைகீழ் திசையில்.

மோட்டாரின் அச்சில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது. அது எத்தனை சுற்றுச் சுற்றியது என்று பக்கத்தில் இருக்கும் உணரி எண்ணிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் கண்ணாடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிகிறது. ஒரு தட்டு தட்டினால் தானாக முழுக்க ஏறும் கண்ணாடி, நடுவில் குழந்தையின் கை மாட்டினால் என்ன செய்யும்? சுற்று மெதுவாகும். பெட்டி உடனே கண்டுபிடித்துக் கண்ணாடியைக் கீழே இறக்கும். ஐரோப்பிய விதிப்படி 100 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடை அழுத்துவதற்கு மேல், போகுமுன் அது திரும்பிவிட வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லாக் காரிலும், எல்லா ஜன்னலிலும் இல்லை. பல கார்களில் டிரைவர் ஜன்னலுக்கு மட்டும்தான். பேரக்குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பாட்டரியைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகளில் கண்ணாடி தானாக ஏறும் வசதி நின்றுவிடும். பயப்பட வேண்டாம். பெட்டி தன் கணக்கை மறந்துவிட்டது, அவ்வளவுதான். கண்ணாடியை முழுக்க ஏற்றி, பட்டனைச் சில விநாடி விடாமல் பிடித்திருந்தால் பெரும்பாலும் மறுபடி கற்றுக்கொள்ளும். இதற்குப் போய் ஒர்க்‌ஷாப்பில் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் நானே.

ரிமோட் சாவியின் கதையும் இப்படித்தான். நீங்கள் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அது வேறு வேறு ரகசியச் சொல்லை அனுப்புகிறது. போன தடவை சொன்ன சொல் இந்தத் தடவை செல்லாது. திருடன் பக்கத்தில் நின்று சேதியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டாலும் பிறகு அதை ஒலிபரப்பிக் கதவைத் திறக்க முடியாமல் இருக்க இந்த ஏற்பாடு. இந்தச் சேதிக்காகக் காத்திருக்கும் பெட்டி இரவெல்லாம் விழித்திருந்தால் பாட்டரி தீர்ந்துவிடும். அதனால் வண்டியை நிறுத்திச் சிறிது நேரத்தில் பெட்டிகள் எல்லாம் கோழித் தூக்கம் போடுகின்றன. ஒன்று தூங்காமல் அடம்பிடித்தால், இரண்டு மூன்று நாளில் பாட்டரி காலி. எலக்ட்ரீஷியன் தேடி அலைவார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாக் காரிலும் ஒவ்வொரு கதவுக்குள்ளும் தனிப் பெட்டி இருக்காது. நம் சின்னக் கார்கள் பலவற்றில் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஒரே பெட்டி விளக்கு, வைப்பர், பூட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒரே மருமகள் மாதிரி.

தண்ணீரில் நின்ற வண்டி

நான் முதலில் சொன்ன அந்தக் காரணத்துக்கு இப்போது வருகிறேன்.

நம்மூர்க் காருக்கு முதல் எதிரி மழைத் தண்ணீர். கதவுக்குள் தண்ணீர் போவது சகஜம்தான். கண்ணாடியோடு வழியும் தண்ணீர் கதவின் உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் துவாரங்கள் வழியாக வெளியேறும்படிதான் செய்திருக்கிறார்கள். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் அந்தத் துவாரங்கள் இலைச் சருகாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளேயே நிற்கும். மெக்கானிக் உரித்தாரே ஒரு பிளாஸ்டிக் தாள், அது தண்ணீர் மின்சாமான்கள் பக்கம் வராமல் தடுப்பதற்கு. யாரோ முன்னால் கதவைக் கழற்றியவர்கள் அதைச் சரியாகத் திரும்ப ஒட்டவில்லை. என் பெட்டியில் பச்சைக் களிம்பு ஏறியது அதனால்தான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை யாரும் மறக்க முடியாது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுத் தண்ணீர் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் வந்தது. அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் நின்ற கார்கள் முழுகின. எஞ்சினைக் கழுவித் துடைத்து ஓட வைத்த பிறகும், பல வண்டிகளில் மாதக்கணக்கில் கதவுகள் பேய் பிடித்த மாதிரி நடந்துகொண்டன. அந்த அனுபவம்தான் 2024 அக்டோபரில் பெருமழை என்று சொன்னதுமே வேளச்சேரி மக்களைக் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்த வைத்தது.

என் கதை இவ்வளவு பெரியதல்ல. தி.நகருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் நடுவே ரயில் பாதைக்குக் கீழே சுரங்கப்பாதைகள் இருப்பதும், ஐப்பசி கார்த்திகையில் அவற்றில் தண்ணீர் நிற்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் ஒரு மழை மாலையில், முன்னால் போன ஆட்டோ கடந்துவிட்டதே என்ற தைரியத்தில் நானும் அப்படி ஒன்றில் இறங்கினேன். பாதியில் வண்டி நின்றது. பின்சீட்டில் என் மனைவி. தண்ணீர் கதவின் அடிப்பகுதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. காலடியில் சில்லென்று ஈரம். டாஷ்போர்டு விளக்குகள் மினுக்கி அணைந்தன.

கண்ணாடிப் பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. பூட்டுத் திறக்கும் பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. கதவின் கைப்பிடியை இழுத்தேன். ஓடும்போது தானாகப் பூட்டிக்கொண்ட கதவு, அதனால் கைப்பிடி சும்மா வந்து போனது. மறுபடி பட்டன், மறுபடி கைப்பிடி. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "என்ன ஆச்சு, ஏன் திறக்கலை?" என்று பின்னாலிருந்து குரல். என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆட்டோக்காரர்தான் தண்ணீரில் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஐயா, பட்டனை விடுங்க! அந்தக் குமிழைக் கையால இழுங்க!" என்று கத்தினார். கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இருந்தது, பூட்டின் சின்னக் குமிழ். வண்டி வாங்கிய ஐந்து வருஷத்தில் அதைக் கையால் நான் தொட்டதே இல்லை. எல்லாம் தானாக நடந்ததால் அது எதற்கு இருக்கிறது என்றே மறந்துபோயிருந்தது. இழுத்தேன். 'டக்.' பிறகு கைப்பிடியை இழுத்துத் தோளால் தள்ளினேன். ஆட்டோக்காரர் வெளியிலிருந்து இழுத்தார். கதவு திறந்தது, தண்ணீர் மடிக்கு வந்தது. அதே போல் பின்கதவு. ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் மேட்டில் நின்றோம், தொப்பலாக நனைந்துகொண்டு. அந்த மனிதர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவு ஒரு மீட்டர் அகலம், வெளியே அதன் மேல் 30 சென்டிமீட்டர் தண்ணீர், உள்ளே இல்லை என்று வைத்துக்கொண்டால், கதவை வெளியிலிருந்து அழுத்தும் பாரம் சுமார் 45 கிலோ. ஒரு பெரிய மனுஷன் முக்கித் தள்ளினால் திறக்கும். அதுவே 60 சென்டிமீட்டர் ஆனால் பாரம் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. சுமார் 180 கிலோ. என் வயதில் அதைத் தள்ள முடியாது. தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால்? அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கடைசியில் ஒரு கம்பி

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான். நூறு வருஷத்தில் கதவுக்குச் சொல்லும் சேதிதான் மாறியிருக்கிறது. சாவி போய் ரிமோட் வந்தது, ஒயர் போய்த் தண்டோரா வந்தது. ஆனால் கதவைப் பிடித்து வைத்திருப்பது இன்றைக்கும் அந்தப் பழைய இரும்புக் கொண்டிதான். பெரும்பாலான கார்களில், உள்ளே இருப்பவரின் கைக்கும் அந்தக் கொண்டிக்கும் நடுவே ஒரு கம்பியோ கேபிளோ இன்னும் இருக்கிறது. மின்சாரமே வேண்டாம். அதைத் தெரிந்து வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

அரசாங்கமும் இதை உணர்ந்திருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களுக்கு வந்த பாதுகாப்பு விதிகளில் ஏர்பேக்கும் வேக எச்சரிக்கை மணியும் எல்லோர் கண்ணிலும் பட்டன. அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. சென்ட்ரல் லாக் வேலை செய்யாமல் போனாலும் உள்ளிருந்து கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்ற விதி. அதே சமயத்தில் வாடகைக் கார்களில் பின்கதவுக்குச் சைல்டு லாக் கூடாது என்றும் சொன்னார்கள். தனியாகப் போகும் பெண் உள்ளே அடைபடக் கூடாது என்பதற்காக.

பேரன் பேத்தியோடு போகும் நம் போன்றவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெயில் காய்ந்த ஒரு நாளில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, பட்டனைத் தொடாமல் நாலு கதவையும் திறந்து பாருங்கள். சில வண்டியில் குமிழை இழுக்க வேண்டும். சில வண்டியில் கைப்பிடியை இரண்டு தடவை இழுக்க வேண்டும். பின்கதவின் விளிம்பில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து எத்தனை தடவை இழுத்தாலும் திறக்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை ஒரு தடவை வெளியே எடுத்து, அது எந்தத் துவாரத்தில் நுழையும் என்று கண்டுபிடியுங்கள். தண்ணீரில் மாட்டினால் விளக்கு எரியும்போதே முதலில் கண்ணாடியை இறக்குங்கள், மற்றதைப் பிறகு யோசிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் ஆட்டோ போய்விட்டதே என்று சுரங்கப்பாதையில் இறங்காதீர்கள்.

மந்தைவெளி மெக்கானிக் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய பெட்டி வாங்கி வந்து மாட்டிவிட்டார். புதுசு வாங்கினால் என்ன விலை என்று அவர் சொன்னதை இங்கே எழுத மனசில்லை. இந்தத் தடவை பிளாஸ்டிக் தாளை நான் பக்கத்தில் நின்று ஒட்ட வைத்தேன். வண்டியை எடுக்கும் முன், "ஒரு நிமிஷம்பா" என்று உள்ளே உட்கார்ந்து பூட்டிக்கொண்டு, குமிழை இழுத்துக் கதவைத் திறந்து பார்த்தேன். "என்ன சார் டெஸ்ட் பண்றீங்க?" என்றார். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவி எனக்கு முன்னால் பதில் சொன்னாள்: "இருங்கோ, நானும் ஒரு தடவை பண்ணிப் பாக்கறேன்."